வெறுஞ்சோறும் ஓர் அவித்த முட்டையும்

கழிவறைக்குப் போகும்போது இரத்தம் போகிறதா என்று அந்த டொக்டர் அம்மா கேட்டார்.

நான் அதைத் தமிழில் கேட்டேன். பரம் அண்ணை மேசையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய குடலின் வண்ணப்படத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

“நோன்” என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

மலம் கறுப்பாகப் போகிறதா? இல்லை. ஒரு நாள் இறுக்கம், ஒரு நாள் வயிற்றாலடி என்று வழக்கம் மாறியிருக்கிறதா? இல்லை. உடம்பு மெலிந்திருக்கிறதா? இல்லை. அந்தக் கடைசி ‘இல்லை’யைச் சொல்லும்போது அவருடைய இடுப்புப் பட்டியின் நுனி, சுருங்கிப்போன இடுப்பைச் சுற்றி வந்து, பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணை சட்டையை இழுத்து மூடினார்.

டொக்டரின் கையில் இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. இரும்புச் சத்து போதாது, இரத்தம் எங்கோ ஒழுகுகிறது என்பது அதன் சாரம். ஆனால் ஒழுகும் உடம்பின் சொந்தக்காரர் எதுவும் இல்லை என்கிறார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

“எங்கடை ஆக்கள் எல்லாரும் ஹார்ட்டிலைதான் போனவை” என்றார் அண்ணை.

எனக்குச் சுருக்கென்றது. இதே வசனத்தை, இதே சொல் ஒழுங்கில், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பொபினியில் என் அக்கா வீட்டில் கேட்டிருந்தேன்.

பார்க்காமல் விட்ட பொருத்தம்

பரம் அண்ணை பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையற்காரர். வீடு வில்லியே லே பெல்லில். அவருடைய மகள் அபியை என் அக்கா மகன் கீர்த்தனுக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியது. ஊர் பொருந்தியது. பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை என்பதால், போனில் கதைத்துப் பார்க்கட்டும் என்று பெருந்தன்மையோடு அனுமதியும் கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் அக்கா, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ என்று விசாரித்தார். அதற்கு வந்த பதில்தான் அந்த ஹார்ட்.

எங்கள் ஆட்களுக்கு மாரடைப்பு ஒரு மரியாதையான சாவு. சட்டென்று வரும், சட்டென்று முடியும். கலியாணப் பேச்சில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆகவே ஈரல் கெட்டவர், சிறுநீரகம் போனவர், குடல் அழுகியவர் எல்லோரும் மரண அறிவித்தலில் மாரடைப்பால் காலமாகி விடுவார்கள். ஒரு வகையில் பொய்யும் இல்லை. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தானே செய்கிறது.

இப்போது அண்ணை விட்ட பிழை உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் பிரெஞ்சு தெரியாத யாருக்கும் மொழிபெயர்க்கப் போகிறவன் நான். மாநகராட்சி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழக்க தோஷத்தில் அவரும் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பது கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

எல்லாருக்கும் காஸ்ரிக்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். போன கிழமை நான் எழுதிய குளிர்காலக் கதையைப் படித்துவிட்டு, வயிற்றைப் பற்றியும் எழுதச் சொல்லி ஒருவர் மீன்கடையில் வைத்துக் கேட்டார். அவருக்காகவும் இது.

லா சப்பலில் ஒரே ஒரு வியாதிதான் உண்டு. அதன் பெயர் காஸ்ரிக். நெஞ்சு எரிந்தால் காஸ்ரிக், வயிறு ஊதினால் காஸ்ரிக், முதுகு பிடித்தாலும் காஸ்ரிக். உணவகத்தில் நிற்பவன் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, பின்னேரம் மிச்சச் சோற்றை நின்றபடி விழுங்குகிறான். பிறகு கோலா. பிறகு ரயிலில் தூக்கம். வயிறு சும்மா இருக்குமா?

ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்துபோன அந்த வைகாசிக்கு முன்பு, வயிறு எரிந்தால் செய்தியைக் குற்றம் சொன்னோம். உண்மையிலும் அப்படித்தான் எரிந்தது. செய்தி நின்றுபோன பிறகும் எரிவு நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் பலர் டொக்டரிடம் போகத் தொடங்கினார்கள்.

போனால் என்ன? ஒருவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் விழுங்குவார்கள். பரம் அண்ணை மாதக்கணக்கில் விழுங்கியது தனியாளாக இருந்த காலத்து அறைத் தோழர் ஒருவரின் பழைய மருந்து. அது எரிவை அடக்கியது. அடியில் ஒழுகியதை அது என்ன செய்யும்?

மொழிபெயர்க்கப் போய்ப் போய் எனக்கே கொஞ்சம் வைத்தியம் பிடிபட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குள் எரிந்து புளித்துக்கொண்டு மேலே வந்தால், அது அமிலம் ஏறுவது. இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளி, தலைமாட்டை உயர்த்தச் சொல்வார்கள். கொழுப்பாய்ச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்துத் தோள்மூட்டு வரை இழுத்தால், பித்தப்பைக் கல் என்று சந்தேகித்து ஸ்கான் எடுப்பார்கள். இரைப்பையில் புண் என்றால் பெரும்பாலும் ஒரு கிருமி, இல்லாவிட்டால் நோவுக்குப் போடும் குளிசையை மிட்டாய் மாதிரித் தின்றது.

அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊதும் சோதனை என்று கேட்டதும், பொலிசுக்கு ஊதுவதுபோல என்று நினைத்து, குடியை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். கிருமி இருந்தது. மருந்து கொடுத்தார்கள். சுகம் வந்ததும் அதைக் கொண்டாடிக் குடித்தார்.

ஆனால் வேறு சில அறிகுறிகள் உண்டு. காரணம் தெரியாமல் மெலிவது, இரத்தம் குறைவது, மலம் தார் மாதிரிக் கறுப்பது, மலத்தோடு இரத்தம் கலந்து வருவது, மலம் போகும் வழக்கம் மாறி அப்படியே நிற்பது. இவற்றில் எதைக் கேட்டாலும் டொக்டர்மாரின் முகம் மாறிவிடும். உள்ளே கமெரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

கைதிப் பரிமாற்றம்

டொக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். போனில் வேறொரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். இது நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். நடைபாதைக் கதிரையில் உட்கார முன்பே கதவு திறந்தது. அண்ணை வியர்த்துப்போய் நின்றார்.

“தம்பி, அது ஒரு பொம்பிளைப் பிள்ளை. குரலைப் பாத்தா எங்கடை பக்கம் மாதிரி இருக்கு. ஆற்றை மகளோ தெரியாது. நீங்களே வாங்கோ.”

“நான் வந்தா மட்டும் சொல்லுவியளோ அண்ணை?”

அவருடைய முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இந்த மனிதர் ஒரு கலியாணத்துக்காகத் தன்னைச் சாகவிடப் போகிறார், அதற்கு நான் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. என் சொந்த இரகசியத்தைத்தான் கொடுத்தேன்.

“அண்ணை, எனக்கு மூலம். கன வருஷமா. ரத்தமும் போறது. மனிசிக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்ரையைச் சொல்லாட்டில் நான் உங்கடையைச் சொல்லன்.”

பரம் அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் மானம் தன் கையில் அகப்பட்டுவிட்ட தெளிவு.

“கறுப்பாத்தான் போகுது தம்பி” என்றார். “சில நாளைக்குச் சிவப்பாயும் கலந்து வருது. கணவாய்க் கறி தின்ன கறுப்பு எண்டு நினைச்சன். பிறகு கணவாய் தின்னாமலும் கறுப்பு.”

“உங்கடை சின்னண்ணை? அவரும் ஹார்ட்டிலை போனவர் எண்டுதானே அக்கா வீட்டிலை சொன்னியள்?”

“அவர் ஹார்ட் இல்லை. குடல். நாப்பது வயசிலை போனவர். அப்புவுக்கும் வயித்திலை ஒரு கட்டி இருந்தது.”

உள்ளே போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். இடையில் ஒருமுறை பேனையை வைத்துவிட்டு அண்ணையின் கையைத் தட்டிக்கொடுத்தார். அண்ணை உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார், அதையும் மொழிபெயர்ப்பேன் என்பதுபோல.

மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொன்னது

கமெரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். நல்ல காலம், வேறு எங்கும் பரவவில்லை. ஊருக்கு அப்பென்டிசைட்டிஸ் என்று சொன்னோம். அதுவும் மரியாதையான வருத்தந்தான். லா சப்பலில் இருந்து ஆட்கள் திராட்சைப் பழத்தோடு வந்து பார்த்து, தங்கள் தங்கள் அப்பென்டிக்சைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். தகப்பனுக்கு இருந்தது, தமையனுக்கு இருந்தது, இவருக்கும் வந்திருக்கிறது. இது பரம்பரையாக இருக்கலாம். மகளும் வந்து பார்க்க வேண்டும். இளம் வயது என்று விட்டுவிடக் கூடாது. நேரத்துக்குப் பார்த்தால் சின்னக் கட்டியாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

நான் வாயைத் திறக்க முன்பே அண்ணை கையைக் காட்டினார். ‘மகள்’ என்ற பிரெஞ்சுச் சொல் அவருக்கு விளங்கியிருந்தது.

“அதை மொழிபெயர்க்க வேண்டாம்” என்றார்.

டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

“தம்பி, இப்ப நீங்கள் ஆர்? மொழிபெயர்க்க வந்தவரோ, மாப்பிள்ளையின்ரை மாமாவோ?”

“இஞ்சை மொழிபெயர்க்க வந்தவன்.”

“வெளியிலை போனா?”

“வெளியிலையும் வாய் திறக்கன். சொன்ன சொல்லுத்தான். ஆனா நீங்கள் பிள்ளைக்குச் சொல்ல வேணும்.”

“கலியாணம் முடியட்டும். சொல்லுறன்.”

அன்று அவரோடு ரயில் நிலையம் வரை நடந்தேன். அபி எனக்கு யாரோ அல்ல, வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை. அவளுக்கு ஒன்று நடந்தால் கீர்த்தனின் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொன்னால் அண்ணைக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அக்காவுக்குத் துரோகம். அக்கா போன் எடுக்கும் போதெல்லாம் நான் குளிப்பதாக மனிசியைக் கொண்டு சொல்லுவித்தேன். நான் இவ்வளவு சுத்தமாக வாழ்ந்த காலம் வேறு கிடையாது.

சம்பந்தக் கலப்பு

எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன் இரு வீட்டாரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். சம்பந்தக் கலப்பு என்பார்கள். பொபினியில் அக்கா வீட்டில் வைத்தார்கள். நல்ல காரியம் என்பதால் முழுச் சைவம். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பருப்பு, வாழைக்காய், வல்லாரைச் சம்பல், கீரைக்கடையல், வடை, பாயாசம். அக்கா முதல் நாளே லா சப்பலுக்கு வந்து மரக்கறிக் கடையைக் காலி பண்ணியிருந்தார்.

அபிக்கு இலை போட்டார்கள். அவள் வெறுஞ்சோற்றை மட்டும் போடச் சொன்னாள்.

“ஏன் பிள்ளை, கறியள் பிடிக்கேல்லையோ?” என்று அக்கா கேட்டார். குரலில் இனிப்பும் காரமும் பாதிப் பாதி.

“இல்லை மாமி, நல்லாயிருக்கும். ஆனா நான் மரக்கறி, பருப்பு, பழம் ஒண்டும் சாப்பிடக் கூடாது.”

சபை திகைத்தது. இறைச்சி வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை எங்கள் ஆட்கள் கண்டிருக்கிறார்கள். மரக்கறி கூடாது என்று சம்பந்தக் கலப்பில் சொல்லும் பெண்ணை யாரும் கண்டதில்லை. எனக்கு மட்டும் விளங்கியது. நாரும் விதையும் இல்லாத அந்தச் சாப்பாட்டுமுறையை நான் ஏற்கெனவே ஒருமுறை மொழிபெயர்த்திருந்தேன். கமெரா விடுவதற்கு முந்திய நாட்களில், குடலைச் சுத்தமாக வைக்கச் சொல்வது அது.

கீர்த்தன் எழும்பிக் குசினிக்குள் போனான். குளிர்சாதனப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன், சாமி படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அவளுடைய இலையில் ஓர் அவித்த முட்டையை வைத்தான்.

“நாளையிண்டைக்கு அவவுக்குக் கொலோஸ்கோபி, அம்மா. மயக்க மருந்து குடுத்தா ஆள் ஒண்டு கூட்டிக்கொண்டு வர வேணும். நான் போறன்.”

“என்ன கோபி?” என்றார் அக்கா.

அபி தகப்பனைப் பார்க்காமல், பிரெஞ்சும் தமிழும் கலந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்கு அப்பென்டிசைட்டிஸ் இல்லை. பெரியப்பாவுக்கு ஹார்ட் இல்லை. தனக்கும் வரலாம், வராமலும் விடலாம், பார்த்தால்தான் தெரியும். கீர்த்தனுக்கு எப்பவோ சொல்லியாயிற்று.

“உனக்கு ஆர் சொன்னது?” என்று அண்ணை முனகினார்.

“நீங்கள்தான் அப்பா. ஆஸ்பத்திரியிலை இருந்து போன் வந்தது. பிரெஞ்சு எண்டு என்னட்டைத் தந்தியள். அவை மகளோடைதான் கதைக்க வேணும் எண்டிச்சினம். நான்தான் மகள் எண்டன்.”

கட்டிக் காத்த இரகசியத்தைத் தன் கையாலேயே போனில் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சில் யார் கதைத்தாலும் போனைப் பிள்ளையிடம் நீட்டுவது எங்கள் வீடுகளில் மூச்சு விடுவது மாதிரி. அதைச் செய்தது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். அண்ணை இலையில் கை வைக்கவில்லை. அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கலியாணம் குழம்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தமும், பிறகு கனநேரம் தண்ணீர் கொதிக்கும் சத்தமும் கேட்டன.

அக்கா சூடு பறக்க இன்னொரு முட்டையோடு வந்தார்.

“ஒண்டு காணாது பிள்ளை. வெறுஞ்சோறு வயித்திலை நிக்காது” என்று கோது நீக்கி இலையில் வைத்தார். பிறகு பரம் அண்ணையைப் பார்த்து, “நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறுது” என்றார்.

கடைசியாக என்னிடம் திரும்பினார். “உனக்கு எல்லாம் தெரியும், என்ன? அதுதான் போன் எடுத்தா எந்த நேரமும் குளிப்பு.”

எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. வல்லாரைச் சம்பலில் மிளகாய் கூட என்றேன்.

என்னுடைய முறை

அபிக்கு ஒரு சின்னக் கட்டி இருந்தது. வந்த இடத்திலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒழுங்காகப் போய்ப் பார்க்கிறாள். கூட்டிக்கொண்டு போய் வருபவன் கீர்த்தன்.

அக்காவுக்கு அதற்குப் பிறகு ஒரு வெறி பிடித்தது. குடும்பத்தில் ஐம்பது தாண்டிய ஒருவரையும் விடவில்லை. நானும் அகப்பட்டேன். துணைக்கு யார் என்று கேட்டபோது, பரம் அண்ணை தானாக முன்வந்தார். பழைய கடன் என்றார். பிரெஞ்சு தெரியாத அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அதே ஆஸ்பத்திரிக்கு, அதே டொக்டரிடம் போனேன். சுவரில் அதே குடல் தொங்கிக்கொண்டிருந்தது.

கழிவறைக்குப் போகும்போது இரத்தம் போகிறதா என்று டொக்டர் கேட்டார்.

நான் மேசையைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

“நோன்” என்றேன்.

பரம் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியின் ஓசை அவருக்கு மறக்கக்கூடியதா என்ன? டொக்டரைப் பார்த்து, பாரிசுக்கு வந்த இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, யாருடைய உதவியும் இல்லாமல் பிரெஞ்சில் வாய் திறந்தார்.

“வுய், வுய்” என்றார், என்னைக் கையால் காட்டி.

டொக்டர் சிரிக்காமல் எழும்பிப் போய்க் கையுறையை எடுத்தார்.